பயத்தண்ணி

தொட்டியம்மாவின் வலது கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. கையில் தேய்க்கிற பஞ்சு. கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த பாசியை மேலிருந்து கீழாக, ஒரே திசையில் வழித்துக்கொண்டே வந்தாள். இடது கை ஒரு ரப்பர் குழாயைப் பிடித்திருந்தது. அது தொட்டியின் அடியில் கிடந்த கழிவை உறிஞ்சி, கீழே வைத்த வாளியில் விட்டுக்கொண்டிருந்தது. இருபது மீன்கள் எதிர் மூலையில் ஒன்றாக நின்று அந்தக் கையைக் கவனித்தன. கை வலப்பக்கம் நகர்ந்தால் அவை இடப்பக்கம் நகர்ந்தன. எந்த மீனும் எந்த மீனுக்கும் சைகை காட்டியதாகத் தெரியவில்லை. ஒன்றும் ஒன்றை இடித்துக்கொள்ளவும் இல்லை.

இப்படிப் பன்னிரண்டு தொட்டிகள். பதின்மூன்றாவது ஒன்று, உபரி மீன்களுக்கு. ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத நீளமான அறையில், இரண்டு வரிசை இரும்புத் தாங்கிகள் மேல் அவை இருந்தன. அந்த அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை. ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போனது. மனிதர்களைத் தூக்குவதைவிட மீன்களைத் தூக்குவது லேசு என்று நினைத்து இங்கே வந்தாள். ஒரு வாளித் தண்ணீர் பதினைந்து கிலோ இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டில் கணவரின் அக்கா படுத்த படுக்கை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம். லாரி ஓட்டும் கணவர் மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கீழே துணி உருட்டி வைப்பது, முதுகைத் துடைத்துச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள்தான். பகலில் எதிர்வீட்டுத் தையல்காரி வந்து புரட்டிவிடுவாள். மற்ற நேரம் முழுக்க இவள். எட்டு மாதமாக அவள் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. யாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டதும் இல்லை. கேட்டால், "ஓடுது" என்பாள்.

மீன்களைப் பற்றி அவளுக்குப் புத்தகத்தில் படித்தது ஒன்றும் கிடையாது. பார்த்தது நிறைய. பசித்த மீன் கூட்டத்தின் முன்னாலும் விளிம்பிலும் நிற்கும். தீனி முதலில் அங்கேதான் கிடைக்கும், ஆபத்தும் முதலில் அங்கேதான் வரும். வயிறு நிறைந்தது நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரு சமயம் யாரோ அடையாளத்துக்காக ஒரு மீனுக்கு மட்டும் சாயம் வைத்தார்கள். கூட்டம் அதை ஒதுக்கவில்லை. ஆனால் வேட்டை மீனைப் பக்கத்துத் தொட்டியில் விட்டபோது, அது கண்ணாடி வழியாக அந்தச் சாய மீனை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தது. மற்ற பத்தொன்பதும் ஒன்றுபோல் இருந்ததால் அதன் கண் எதிலும் நிற்கவில்லை.

இன்னொன்றும் பார்த்திருந்தாள். ஒரு மீனின் தோல் எங்காவது உராய்ந்து கிழிந்தால் போதும். தண்ணீர் தெளிவாகவே இருக்கும், நம் மூக்குக்கு எந்த வாடையும் தெரியாது. ஆனால் மற்ற மீன்கள் அத்தனையும் ஒரே மூச்சில் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். துடுப்பு கூட அசையாது. தோலிலிருந்து என்னமோ கசிகிறது, அது அவற்றுக்கு மட்டும் தெரிகிறது. தொட்டியம்மா அதற்குப் பயத்தண்ணி என்று பெயர் வைத்திருந்தாள். ஆய்வாளருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

ஆய்வாளர் முப்பத்து நான்கு வயதுப் பெண். இந்த ஆராய்ச்சியில் நான்காவது வருடம். முதலில் செய்த இரண்டு சோதனைகளிலும் ஒன்றும் தேறவில்லை. அவருடைய நாலு வயது மகள் வேறு ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். "இது முடிஞ்சதும் கூட்டிக்கிட்டு வந்துடுவேன்" என்று அவர் சொல்லிச் சொல்லி, அந்த "இது" மூன்று முறை மாறிவிட்டது.

மூன்றாவது சோதனை இதுதான். மரத்தில் செதுக்கி வரி போட்ட ஒரு கட்டைமீன் உண்டு, வேட்டை மீன் மாதிரி. அதை நூலில் கட்டித் தொட்டியின் கண்ணாடிக்கு வெளியே இழுப்பார்கள். பழக்கமில்லாத மீன்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் தண்ணீரில் நான்கு சொட்டுப் பயத்தண்ணியை விட்டு, அதே நேரம் கட்டைமீனைக் காட்டினால், அதன் பிறகு வாரக்கணக்கில் வெறும் கட்டைமீனைப் பார்த்தாலே மிரளும். இப்படிப் பயம் கற்ற மீன்களில் மும்மூன்றை, ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள தொட்டிகளில் இரண்டு வாரம் விட்டு வைத்தார்கள். தொட்டியம்மா அவற்றை வாத்தியார்கள் என்பாள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வாத்தியார் இல்லாத தொட்டிகள். பிறகு வாத்தியார்களை வெளியே எடுத்துவிட்டு, ஐந்து நாள் எல்லாத் தொட்டிக்கும் கட்டைமீனைக் காட்ட வேண்டும். மற்றவர் பயப்படுவதைப் பார்த்தே ஒரு மீன் பயப்படக் கற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. பன்னிரண்டு தொட்டியும் கட்டைமீனைச் சட்டை செய்யவில்லை.

"உங்க வாத்தியாருங்க பாடம் எடுக்காம தூங்கிட்டாங்க போல" என்றாள் தொட்டியம்மா.

"எனக்குன்னு அமையறது எல்லாமே அப்படித்தான்க்கா" என்றார் ஆய்வாளர்.

புதன்கிழமை காலை நாத்தனாருக்கு வயிறு சரியில்லை. படுக்கை முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. உடம்பு துடைத்து, விரிப்பு அலசிப் போட்டு, அவள் வேலைக்கு வந்தபோது இருபது நிமிடம் தாமதம். வந்ததும் செய்கிற முதல் வேலை, வலைகளை முக்கி வைக்க மருந்துத் தண்ணீர் கலப்பது. அன்று அதைக் கலக்கவில்லை. மிச்சத் தீனியை மேலாக வலையால் அள்ளி எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று தொட்டிகளை முடித்தாள். அப்போது உபரித் தொட்டியில் ஒரு மீன் வடிகட்டியின் வாயில் சிக்கி விலா கிழிந்து கிடப்பதைப் பார்த்து, அதைக் கையிலிருந்த வலையால் எடுத்தாள். பிறகு வலையை இரண்டு உதறு உதறிவிட்டு நாலு, ஐந்து, ஆறு தொட்டிகளை அள்ளினாள். வலை போனால் மீன் விலகி ஓடுவது வழக்கம் என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாவதுக்கு வந்தபோது வலையின் ஓரத் தையல் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. வேறு வலையை எடுத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் ஆய்வாளர் வந்து கட்டைமீனை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்றில் ஒன்றும் இல்லை. நாலாவதில் இருபது மீனும் அடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி நின்றன. ஐந்தாவதிலும் அப்படியே, ஆறாவதிலும் அப்படியே. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை.

ஆய்வாளர் நாலாவது தொட்டிக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார். பிறகு, "மெதுவாத்தான் ஏறியிருக்குக்கா பாடம்" என்றார்.

அன்று மதியம் வலைகளை அலசும்போது, தையல் பிரிந்த வலையின் மடிப்பில் இரண்டு செதிலும் நூல் மாதிரி ஒரு கிழிந்த தோலும் ஒட்டியிருந்ததைத் தொட்டியம்மா பார்த்தாள். குழாயை மூடினாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அவள் நேரத்துக்கு வந்து மருந்துத் தண்ணீர் கலந்தாள். தொட்டிக்கொரு வலை எடுத்தாள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கட்டைமீனைக் கண்டதும் நாலு, ஐந்து, ஆறு தொட்டிகள் மறுபடி அடியில் ஒட்டிக்கொண்டன. ஆகாமல் என்ன செய்யும்? பயத்தண்ணியும் கட்டைமீனும் ஒரே நேரத்தில் வந்தால் மீன் கற்றுக்கொள்ளும். ஆய்வாளர் சொட்டு மருந்துக் குழாய் வைத்து வாத்தியார்களுக்குச் செய்ததை, அவள் வலை வைத்து அறுபது மீன்களுக்குச் செய்திருந்தாள். இனி எத்தனை தடவை காட்டினாலும் அவை பயப்படும். எத்தனை தடவை சரிபார்த்தாலும் சரியாகவே வரும். தவறு என்று கண்டுபிடிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவராலும் முடியாது, அவளைத் தவிர.

அவளுடையது ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். அது புதுப்பிக்கிற மாதம்.

அன்று சாயங்காலம் நாத்தனாரை இடப்பக்கம் புரட்டி முதுகைத் துடைத்தபடி விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் நூல் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். இடுப்பு போனாலும் வாய் போகவில்லை.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"சொல்லாத. ஆலையில முப்பது வருஷம் நான் எப்படி ஓட்டினேன்? கும்பலோட கும்பலா நின்னேன். தனியா நின்னு கை தூக்கினவ எல்லாம் அடுத்த மாசம் வீட்டுல இருந்தா."

"அந்தப் பொண்ணு அதை எழுதி அனுப்பப் போவுது."

"அனுப்பட்டுமே. மீன் வந்து கேஸ் போடுமா?"

தொட்டியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "போடாது" என்றாள். "இதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் வருவாரு. இதே மாதிரி செஞ்சு பாப்பாரு, வராது. மறுபடி செய்வாரு. ரெண்டு வருஷம் நான்தான் தொட்டி கழுவணும்."

"அப்ப மீனுக்காக இல்ல, உன் இடுப்புக்காகச் சொல்றேங்கற."

"ரெண்டும்தான். கையை நீட்டுங்க, இந்தப் பக்கம் துடைக்கணும்."

நாத்தனார் கையை நீட்டினாள். "உன் வேலை போச்சுன்னா என்னை எங்க கொண்டு போய்ப் போடுவ?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி இல்லை. தொட்டியம்மா குதிகாலுக்குக் கீழே துணியைச் சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவரே கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். அவர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார், அதில் ஒன்று குழாய் உடையும்போது. கட்டைமீனைத் தானே இழுத்துப் பார்த்தார். நாலாவது தொட்டி சுருங்கியது.

"மீனுக்கே டியூஷன் சென்டர் வெச்சுட்டம்மா" என்றார் ஆய்வாளரிடம். "ஆறுல மூணு. போதும். இன்னைக்கே எழுதி அனுப்பிடு." போகிற போக்கில் தொட்டியம்மாவைப் பார்த்து, "தொட்டியெல்லாம் பளிச்சுனு இருக்கு" என்றார். பதினான்கு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மூன்றாவது வாக்கியம் அது.

அவர் போனதும் ஆய்வாளர் நடைபாதையில் நின்று போன் பேசினார். கதவு திறந்திருந்தது. "வந்துடுச்சும்மா. ஆமா, இந்தத் தடவை நிஜமாவே. அவளோட துணிமணியெல்லாம் எடுத்து வை. இல்ல, அழல, சளி."

தொட்டியம்மா பத்தாவது தொட்டிக்குள் கை விட்டிருந்தாள். கையை எடுத்தாள். துண்டில் துடைத்தாள். அவளுக்கு வீரம் எல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. இரண்டு நாளாக இதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மாடி ஏறி இறங்கியதில் கால் கனத்தது, அவ்வளவுதான். வீட்டில் ஒன்றைச் சுமக்கிறாள், இங்கே வாளி சுமக்கிறாள். மூன்றாவதற்கு உடம்பில் இடம் இல்லை.

ஆய்வாளர் உள்ளே வந்து கணினி முன் உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கக்கா. டீ குடிக்கப் போலாமா? இன்னைக்கு நான் வாங்கித் தர்றேன்."

"டீ அப்புறம். நாலு, அஞ்சு, ஆறுல இருக்கறது வாத்தியார் சொல்லிக் குடுத்த பயம் இல்ல. நான் குடுத்தது."

ஆய்வாளர் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. கேட்டது உள்ளே போக நேரமாகியது.

தொட்டியம்மா வார்டில் கற்ற பழக்கப்படி, நேரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு வந்தாள், எது கலக்கவில்லை, எந்த மீன், எங்கே கிழிந்தது, எந்த வலை, எந்தத் தொட்டிக்கு அடுத்து எந்தத் தொட்டி, ஏழாவதில் ஏன் மாற்றினாள். நடுவில் மன்னிப்பு கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபின், "தப்பு என்னுது" என்றாள்.

ஆய்வாளர் குறிப்பேட்டைப் புரட்டிப் புதன்கிழமைப் பக்கத்தை எடுத்தார்.

"புதன்கிழமை மத்தியானமே தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"வேலை போயிடும்னு."

"இப்ப சொன்னா மட்டும் போகாதா?"

"போகலாம்."

ஆய்வாளர் எழுந்தார். நாலாவது தொட்டி வரை போனார். திரும்பி வந்தார். "எங்கம்மாகிட்ட இப்பதான் பேசினேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டுச்சு."

"ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

ஐந்து நிமிடம் என்ன, இரண்டு நாள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று தொட்டியம்மா நினைத்துக்கொண்டாள். ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தொட்டியம்மா ஆறுதல் சொல்லவில்லை, தோளைத் தொடவும் இல்லை. அழுகிற ஆளுக்குத் தண்ணீர் வேண்டும், அவசரப்படுத்தாத ஒரு ஆள் வேண்டும். தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

கடைசியில் ஆய்வாளர் தண்ணீரைக் குடித்தார். "நீங்க வாயைத் திறக்கலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"எனக்கே தெரிஞ்சிருக்காது. சந்தோஷமா போயிருப்பேன்."

"அதுவும் ஆமா."

"கிழிஞ்ச மீனை என்ன பண்ணீங்க?"

"ஐஸ் பெட்டியில, தேதி எழுதி வெச்சிருக்கேன். செத்ததைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

ஆய்வாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் மூளை வேலைக்குத் திரும்பிவிட்டது. "நாளைக்கு காலையில சோதிச்சுப் பாக்கணும். நீங்க சொல்றது சரியான்னு முதல்ல தெரியணும். கட்டைமீன் இல்லாம, வலை மட்டும். வருவீங்களா?"

"வர்றேன்."

துறைத்தலைவருக்கு ஆய்வாளர் தொலைபேசியில் சொன்னார். அவர் சத்தம் போட்டது தொட்டியம்மா நின்ற இடத்துக்குக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. "திங்கட்கிழமை ரெண்டு பேரையும் மேல வரச் சொல்றாரு" என்றார் ஆய்வாளர்.

வீட்டில் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "சொல்லித் தொலைச்சிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. என்னை வலப்பக்கம் புரட்டு, இந்தப் பக்கம் மரத்துப் போச்சு." புரட்டி முடித்ததும், "திங்கக்கிழமை அந்த ஆளு ரொம்பக் கத்துனான்னா எதிர்த்துப் பேசாத. நின்னு கேட்டுக்கோ. அப்புறம் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டிக்கோ" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. தையல்காரியிடம் நாத்தனாரை ஒப்படைத்துவிட்டு, தொட்டியம்மா ஏழு மணிக்கே வந்து மருந்துத் தண்ணீர் கலந்தாள். ஆய்வாளரும் வந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது.

உபரித் தொட்டியில் முப்பது மீன்கள் இருந்தன. முதலில் கழுவிய வலை ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார்கள். மீன்கள் விலகிப் போய்ப் பின் திரும்பி வந்தன. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு தொட்டியம்மா ஐஸ் பெட்டி மீனை உருக்கி, இன்னொரு வலையில் அதன் விலாவைத் தேய்த்து, வலையை இரண்டு முறை உதறித் தண்ணீருக்குள் விட்டு எடுத்தாள். புதன்கிழமை உதறிய அதே அளவுக்கு உதறினாள்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு விநாடியில் முப்பதும் அடியில். ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அப்பிக்கொண்டன. விளிம்பில் மாட்டிக்கொண்ட ஒரு மீன் மற்றவற்றின் வயிற்றுக்கடியில் புகுந்து நடுவுக்குப் போயிற்று. இப்போது வேறொன்று விளிம்பில் நின்றது.

"சரிதான்" என்றார் ஆய்வாளர். குறிப்பேட்டில் நாலு, ஐந்து, ஆறாம் தொட்டிகளின் எண்கள் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். அடியில் காரணம் எழுத ஆரம்பித்து, பேனாவை நீட்டினார். "உங்க கையாலேயே எழுதிடுங்க. நேரத்தோட."

தொட்டியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டு வரி எழுதினாள். தாமதமாக வந்ததையும் எழுதினாள், ஏன் தாமதம் என்பதை எழுதவில்லை. சம்பளச் சீட்டில் உள்ள பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

"மீதி மூணு வாத்தியார் தொட்டியிலயும் ஒண்ணுமே வரல" என்றார் ஆய்வாளர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "இன்னும் மூணு சேத்து மறுபடி பாக்கணும். அறுபது புது மீன். இன்னும் ஆறு வாரம்."

"கொழந்தையை?"

"அம்மாகிட்ட மத்தியானம் பேசணும்." ஆய்வாளர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். "முதல்ல இதைக் காலி பண்ணுவோம். குழாயை எப்படி உறிஞ்ச வைக்கிறதுன்னு காட்டுங்க."

தொட்டியம்மா ஒரு குழாயை அவரிடம் கொடுத்தாள், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு வாளியைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நாலாவது தொட்டியின் தண்ணீரை இறக்க ஆரம்பித்தார்கள்.